காட்டிக்கொடுக்கும் கண்ணாடி

"வெயில்ல போனீங்களா?"

"போவலியே" என்றார் பிலவேந்திரன். மூக்கின் மேல் கண்ணாடி கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

அவருக்கு முகம் முழுக்க வெயில் அலர்ஜி. வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு பதினைந்து நாள் நிழலிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் மகள் கல்யாணம். கொப்புளம் போட்ட முகத்தோடு அவளை எப்படி மாதா கோயிலுக்குள் அழைத்துப் போவது? அவர் வெயிலில் போனால் கண்டுபிடிக்கத்தான் மனைவி ஞானமேரி தர்மபுரியில் இந்தக் கண்ணாடியை வாங்கினாள். கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள் உள்ளே இருக்கிறதாம். வெயில் பட்டால் கறுக்கும், நிழலுக்கு வந்தால் மெல்ல வெளுக்கும்.

ஆனால் அவர் பயிர்வைத்த காட்டில் தக்காளி பழுத்துக் கிடக்கிறதே! மனுஷனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா?

மறுநாள் காட்டிலிருந்து வந்தவர், கண்ணாடி வெளுக்கும்வரை மாட்டுக்கொட்டகையில் பதுங்கினார். அங்கே பசு அவர் முகத்தை அன்போடு நக்கிவிட்டது.

"களிம்பு எங்கீங்க?"

"காஞ்சு உதுந்துடுச்சு."

"மாட்டு மூக்குல வெள்ளையா இருக்குதே, அது என்னங்க?" ஞானமேரி களிம்பை எடுத்து மறுபடி பூசிவிட்டாள். "நீங்க படுத்துட்டா எம்பொண்ண யாருங்க கூட்டிட்டு நடப்பாங்க?"

மூன்றாம் நாள் பிலவேந்திரன் மூளையைச் செலவழித்தார். கண்ணாடியைக் கேழ்வரகுக் குதிருக்குள் புதைத்துவிட்டு, வெறுங்கண்ணோடு காட்டுக்குப் போய்வந்தார். ஞானமேரி மாடியில் கல்யாண வடகத்தைக் கிளறிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

"கண்ணாடி எங்கீங்க?"

"வூட்டுலயேதான் இருந்தேன், வேணும்னா பாரு" என்று குதிருக்குள் கைவிட்டு எடுத்தார்.

கறுப்பு!

அவருக்கு வேர்த்துவிட்டது. இருட்டில் கிடந்ததற்கு எப்படித் தெரிந்தது?

"போனேன் மேரி! அந்தோணியார் மேல சத்தியமா இனிமே வாசப்படி தாண்டமாட்டேன்!"

தாண்டவில்லை. முகம் தெளிந்தது. மகள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடந்தபோது அவருக்கே அழுகை வந்துவிட்டது.

பந்தியில் சம்பந்தியிடம் அளந்துகொண்டிருந்தார். "சாதாரணக் கண்ணாடி இல்லீங்க! குதிருக்குள்ள பொதைச்சு வெச்சாலும், நான் வெயில்ல போனதக் கண்டுபுடிச்சிருச்சு!"

வடகம் பரிமாறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் நின்று, ஞானமேரியிடம் திரும்பினாள்.

"ஏக்கா, அன்னைக்கு இந்த வடகத்தோட சேர்த்து மாடியில காயவெச்சியே, அந்தக் கண்ணாடியா?"