முழங்காலில் ஒரு சம்பந்தம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு முழங்காலின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்; பக்கத்தில் மூட்டுவலிக்காரர் யாராவது இருந்தால் மட்டும் கொஞ்சம் அடக்கிச் சிரியுங்கள்.

எண்பத்து நாலாம் வருஷம். பிள்ளைப்பாக்கத்து மாதா கோயிலில், பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்துவிட்டது. ஊரே முழங்காலில் இருக்கிறது. லாசர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்கிறார். சாமியார் அவரைப் பார்க்கிறார். இது மூன்றாவது ஞாயிறு.

லாசருக்குப் பக்தி இல்லாமல் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சடுகுடு ஆடும்போது வலது முட்டிக்குள் தசைநார் அறுந்துபோனது. மெட்ராஸில் ஒரு டாக்டர் அவர் தொடையிலிருந்தே ஒரு பட்டை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார். நன்றாகத்தான் தைத்தார். ஆனால் லாசருக்கு நாற்பத்தைந்து ஆனபோது அந்த நாருக்கு எழுபது ஆகிவிட்டது. கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளை விட்டு இறங்கினால், கால் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். முழங்காலில் நிற்க வரும். எழத்தான் வராது.

வெளியே சொல்லவும் வழியில்லை. மகள் ரோஸிக்குத் தண்டலத்திலிருந்து வந்த வரன், 'பொண்ணோட அப்பனுக்கு காலு இழுக்குது' என்று சொல்லியே நின்றுபோயிருந்தது. இப்போது வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன். பையனின் அப்பா சின்னப்பராஜ் பெரிய பக்திமான் என்று பேச்சு.

"ரோஸி வாயத் தொறந்து புடிச்சிருக்குன்னு சொன்ன ஒரே எடம் இது," என்றாள் மனைவி அற்புதமேரி. "உங்க முட்டி அதக் கெடுத்துடப் போவுது. யாருக்கும் தெரியக் கூடாது."

அடுத்த ஞாயிறு லாசர் கடையிலிருந்து ஒரு காலி சோப்பு மரப்பெட்டியைக் கொண்டுபோய்க் கோயிலில் போட்டு உட்கார்ந்தார். நல்ல சுகம். அதற்கடுத்த ஞாயிறு ஏழு பேர் பெட்டியோடு வந்தார்கள். ஒருவர் நாற்காலியே கொண்டுவந்தார்.

"இது கோயிலா, சினிமாக் கொட்டாயா?" என்றார் சாமியார். "பெஞ்சு டிக்கெட் எங்க கொடுக்கறீங்க, லாசர்?"

பெஞ்சு என்றதும் லாசருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து ஊர்ப் புராட்டஸ்டண்டு கோயிலில் வரிசையாகப் பெஞ்சு உண்டு. ஒரு வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஓசைப்படாமல் ஜெபித்துவிட்டு வந்துவிடலாம்.

போனார். உட்கார்ந்தார். பாஸ்டர் ஜெபதாஸ் அவரைப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தை நிறுத்தினார்.

"பதினஞ்சு வருஷமா நம்ம சபைக்குப் புதுசா ஒரு ஆத்துமா வரல," என்றார். "இன்னிக்கு வந்துருக்கு."

எல்லோரும் எழுந்து பாடினார்கள். மரியாதைக்கு லாசரும் எழுந்தார். முட்டி 'டக்' என்றது. பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தார். ஆத்துமா உருகிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக முன்வரிசைக்கே கொண்டுபோனார்கள்.

அவர் சைக்கிள் வீடு வந்து சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது.

"சபை மாறிட்டீங்களாமே?" என்றாள் அற்புதமேரி.

"பெஞ்சுல உக்காந்தேன். அவ்ளோதான்."

"பெஞ்சுக்காவ மாதாவ வுட்டுட்டீங்களா?"

"நான் உக்காந்தா மாதா இன்னா சொல்லப் போறா?"

"அவளே நம்ம கோயில்ல நின்னுகினுதானே கீறா."

"அவளுக்கு முட்டி நல்லா கீது," என்றார் லாசர்.

மூன்றாம் நாள் வாலாஜாபாத்திலிருந்து ஆள் வந்து சொன்னான்: 'சனிக்கிழமை வருகிறோம். மாதா வணக்க மாதம், உங்கள் வீட்டிலேயே ஜெபமாலை சொல்லிவிடலாம்.'

அற்புதமேரிக்குப் புரிந்துவிட்டது. "அவருக்கும் சேதி போயிடுச்சு. உங்கள சோதிக்கத்தான் வராரு. இன்னா ஆனாலும் முட்டி போடுங்க."

சனிக்கிழமை நாலு மணிக்குச் சின்னப்பராஜ் வந்தார். அடர்ந்த மீசை, அளந்த பேச்சு. கூட அவர் தங்கை அருள்மேரி. காப்பி முடிந்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டிச் சொன்னார்கள். பெண்கள் எழுந்து அடுக்களைக்குப் போனார்கள். லாசர் கால் விரலை ஊன்றிப் பார்த்தார். முட்டி அசையவில்லை.

"சம்பந்தி, மன்றாட்டுமாலையும் சொல்லிடலாமே," என்றார்.

சின்னப்பராஜ் அவரை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லலாம்."

அதுவும் முடிந்தது. சம்பந்தி எழுந்தால், அந்தச் சந்தடியில் சுவரைப் பிடித்து எழுந்துவிடலாம் என்று லாசர் காத்திருந்தார். சின்னப்பராஜ் கண்ணை மூடியபடியே கேட்டார்:

"ஆஸ்பத்திரியில கீற நோயாளிங்களுக்காவ இன்னொரு ஜெபமாலை?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னார்கள். பிறகு, செத்தபின் பாவக் கணக்குத் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆத்துமாக்களுக்காக ஒன்று. அவர்கள் படும் பாடு லாசருக்கு அன்றுதான் நன்றாக விளங்கியது. ஜன்னல் வெயில் பாயை விட்டுச் சுவரில் ஏறிவிட்டது. அடுக்களையில் பஜ்ஜி ஆறிப்போனது. கதவருகே ரோஸி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கப்பல்ல போறவங்களுக்காவ..." என்று தொடங்கினார் சின்னப்பராஜ்.

லாசர் மகளைப் பார்த்தார். இனிமேல் முடியாது.

"சம்பந்தி, மன்னிச்சிக்கணும். நான் பக்தியில நிக்கல. முட்டியில ஆபரேஷன் பண்ணது, எழுந்துக்க வரல. பெஞ்சுக் கோயிலுக்குப் போனதும் அதுக்குத்தான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. எம் பொண்ணு மேல ஒரு கொறையும் கெடையாது."

சின்னப்பராஜ் கண்ணைத் திறந்தார். மீசையில் வியர்வை நின்றது. அடுக்களை வாசலிலிருந்து அருள்மேரிதான் பேசினாள்.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே. பொண்ணப் புடிச்சிருக்குன்னு எங்க அண்ணன் மொத ஜெபமாலையிலயே எனக்கு ஜாடை காட்டிட்டாரு. நீங்க எழுந்து கை குடுத்தா நின்னு சொல்லலாம்னுதான் இவ்ளோ நேரமா ஜெபம் பண்ணிகினு கீறாரு, அவருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன்."

உங்கள் வீட்டில் கீழே உட்கார்ந்தவர் எழும்போது பிடித்துக்கொள்ள எப்போதும் ஒரு கை இருக்கட்டும், கண்ணுகளா. பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள்.