கிரீஸ் பூசிய ஜாய்ஸ்டிக்

"அப்பா, நான் இடப்பக்கம் தள்ள, இந்த மூதேவி வலப்பக்கம் ஓடுதப்பா!"

யதுர்ஷிகா கத்தினாள். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் அனோஜன் நடத்தும் கேம் கடையில், ஆள் உயரக் கேம் மெஷினுக்கு முன்னால் நட்டு இறுக்கும் சாவியும் கையுமாக நின்றாள். திரையில் சிவப்புக் காற்சட்டைக்காரன் ஒருவன் அவளைக் கணக்கிலேயே எடுக்காமல் குதித்துக்கொண்டிருந்தான்.

காலையில் கனகராயன்குளத்துக் கலியாணவீட்டுக்கு ஓடும்போது அனோஜன் சொன்னது இவ்வளவுதான்: "ஜாய்ஸ்டிக் லூசாக் கிடக்கு. நட்டை ஒருக்கா இறுக்கிவிடு."

முரசுமோட்டை வயலில் உழுகிற லான்ட்மாஸ்டர் மெஷினின் கிளட்சையே கழற்றிப் பூட்டியவளுக்கு ஒரு நட்டு எம்மாத்திரம்? வவுனியாவுக்குப் போய் மெக்கானிக் படிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்க, அப்பா யோகலிங்கமும் இதையே சோதனை ஆக்கிவிட்டார்.

"இதைச் சரிக்கட்டு, அனுப்புறன். ஏலாட்டித் தையல் வகுப்புத்தான்."

தையல்! ஊசியைக் கண்டாலே அவள் பின்கதவால் ஓடிவிடுவாள்.

நட்டை இறுக்கியாயிற்று. ஸ்டிக் ஆடவில்லை. ஆனால் திரையில் நின்றவன் சொல்வழி கேட்கவில்லை.

"வயர் மாறிக் கிடக்குப் போல," என்றார் யோகலிங்கம், மெஷினின் அடிவயிற்றுக்குள் தலையை விட்டபடி.

"மாத்தட்டோ?"

"மாத்து."

மாற்றினாள். தள்ளினாள். அவன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான்.

"குந்துறானப்பா!"

"களைச்சுப் போனான். சைக்கிள் டியூப்பை வட்டமா வெட்டி அடியில குடு. எங்கட லான்ட்மாஸ்டருக்கும் அதுதானே குடுத்தனாங்கள்."

கொடுத்தாள். இப்போது ஸ்டிக் அசையவே மறுத்தது.

"கிரீஸ் அடி."

அடித்தாள். ஸ்டிக்கில் பாதி, அவளுடைய மூக்கில் மீதி. சிவப்புக் காற்சட்டைக்காரன் பச்சைக் காற்சட்டைக்காரனிடம் உதை வாங்கி மல்லாந்தான். திரையின் அடியில் சீன எழுத்து ஒரு வரி விடாமல் மின்னியது.

"என்னவாம் அதில?"

"கொம்பனிக்காரன்ர விளம்பரமாக்கும். அதை விடுங்கோ."

"அப்ப ஒரு தையல் மெஷின் பாக்கத்தான் வேணும்," என்றார் யோகலிங்கம்.

அந்தச் சொல்தான் கெடுத்தது. யதுர்ஷிகா மெஷினில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மடக்!

ஸ்டிக் வேரோடு கையில் வந்துவிட்டது.

அந்நேரம் பார்த்துச் சிவப்புக் காற்சட்டைக்காரன் எழுந்தான். தூசி தட்டினான். பறந்து பறந்து உதைத்து, பச்சைக்காரனை விழுத்திவிட்டுக் கையை உயர்த்தினான்.

"அப்பா... ஸ்டிக் என்ர கையிலயெல்லோ கிடக்கு."

"ஓம்."

"அப்ப அவனை ஆர் ஆட்டுறது?"

யோகலிங்கம் மெல்லச் செருப்பைக் கழற்றினார். "சாமிப்படத்துக்குப் பக்கத்தில கற்பூரம் இருக்கோ பார்."

"இவ்வளவு கிரீஸுக்கு நடுவில கற்பூரமோ? கடையும் சேர்ந்து எரிஞ்சு போயிடுமப்பா!"

வேறு வழியில்லை. அண்ணனுக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப்பக்கம் கெட்டிமேளம் முழங்கியது. நட்டு, வயர், டியூப், கிரீஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து விம்மினாள்.

"அண்ணா, உன்ர மெஷினுக்குள்ள என்னவோ குடிவந்திட்டுது. அப்பா என்னைத் தையலுக்கு அனுப்பப் போறார்!"

"அழாதை. நட்டை இறுக்கினாப் பிறகு விளையாடிப் பாத்தனியோ?"

"ஓம், ஒவ்வொருக்காவும் பாத்தனான். ஒருக்காவும் சொல்லுக் கேக்கேல்ல."

யோகலிங்கம் போனுக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்தார்.

"எடியே," என்றான் அனோஜன், "மெஷினுக்குப் போடுற டோக்கன் முழுக்க என்ர பையிலயெல்லோ கிடக்கு. அடியில மின்னுற சீன எழுத்தும் 'டோக்கன் போடு' எண்டுதான். டோக்கன் போடாட்டி அவன் தன்பாட்டில சண்டை பிடிப்பானடி!"