ஏலக்காரரின் வேலைக்கு நான் நாள் குறித்த கதை

எதிர்காலத்தைப் பற்றி எதையும் அடித்துச் சொல்லும் தைரியம் எனக்கு ஒரே பிற்பகலில் போய்விட்டது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கைத்தொலைபேசி வியாபாரத்தை எப்படியெல்லாம் மாற்றும் என்று நிபுணர்களிடம் கேட்டு அறிக்கை எழுதும் கொழும்புக் கம்பனி ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். (நிபுணர்கள் சொல்வதை டைப் அடிப்பதுதான் என் வேலை.) சிலாபத்தில் மீன் வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம். பேச வேண்டிய நிபுணருக்குக் காய்ச்சல். "உங்கட ஊர்ப்பக்கம்தானே, நீங்களே பேசிட்டு வாங்க" என்று மேலாளர் என்னை அனுப்பிவிட்டார்.

பேசினேன். கைதட்டல் கிடைத்ததும் அறிக்கையில் இல்லாததையும் சேர்த்துப் பேசினேன்.

"இன்னும் இரண்டே வருசத்தில், போட் கரைக்கு வர முந்தியே மீன் போனில் விலைபோகும். ஏலம் கூற ஒராள் தேவையே இல்லை!"

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கம் திரும்பின. மலை மாதிரி ஆள். "அவர்தான் இங்க ஏலம் கூறுறவர்" என்று யாரோ என் காதில் சொன்னார்கள். அவர் வாயே திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். இரண்டு ஆசனம் பின்னால் அவர்! மடியில் பத்திரிகைத்தாளில் சுற்றிய, நீளமான, தட்டையான ஏதோ ஒன்று. (முதலில் கத்தி என்று நினைத்தேன். நீளத்தைப் பார்த்து வாள் என்று திருத்திக்கொண்டேன்.)

எங்கள் சந்தியில் இறங்கினேன். அவரும் இறங்கினார். தென்னந்தோட்டத்து மணலில் நான் நடையைக் கூட்ட, பின்னால் அவர் நடையும் கூடியது. திரும்பிப் பார்த்தேன். கையை உயர்த்தி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பேச்சே வராத அளவுக்குக் கோபம்! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். 'மாதாவே, இனி ஒருவருடைய பிழைப்பிலும் வாய் வைக்கமாட்டேன்' என்று நேர்ந்தபடியே, வீட்டின் பின்புறம் இருந்த கோழிக்கூட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்த கோழிகள் என்னைவிடப் பயந்தன.

சற்று நேரத்தில் தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வெளிய வா. அந்த மனுசன் பாவம்."

அவனுக்குப் பின்னால் ஏலக்காரர் நின்றார். கம்பிவலைக்கு அருகே குனிந்து, காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னார்:

"மிஸ், எனக்குத் தொண்டை போயிட்டு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தன், சத்தம் வரல்ல. இனிக் கத்தவே வேணாமெண்டு டொக்டர் சொல்லிட்டார். அந்தப் போன்... ரெண்டு வருசம் ஆக முந்தி வராதா?"

தாளைப் பிரித்து நீட்டினார். நான் வாள் என்று நினைத்தது வாளை மீன்.

'வரும்' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"தெரியாது ஐயா. நான் டைப் அடிக்கிற ஆள்."

அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். மீனைத் திருப்பி எடுக்கவில்லை.

போனில் ஏலம் இன்னும் வந்தபாடில்லை. இப்போது அவருடைய மகன் கத்துகிறார். எங்கள் வீட்டிலோ, வாசல் கேற்றடியில் யாராவது புது ஆள் வந்து நின்றால், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றும் பாராமல் தம்பி உரத்துக் கூவுவான்:

"அக்கா, ஆள் வருது! கோழிக்கூடு திறந்துதான் கிடக்கு!"