செங்கல் பங்களாவுக்குள் புகுந்த லேகிய வைத்தியர்

செமோர், பேராக், மலேசியா.
11-8-1979

மெட்ராஸிலிருந்து ‘நீலப்பருந்து’ சித்திரக்கதை இதழை நடத்தும் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

செமோரில் வசிக்கும் அந்தோணிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி கெர்ட்ரூடும், அவளுடைய கண்களைத் தவிர, சுகமாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இயந்திரத்தைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், ஜூன் இதழில் கதையின் இன்ஸ்பெக்டர் திருமேனிக்கு அச்சில் மூன்று காதுகள் விழுந்திருந்தன. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் புகார் வேறு.

நான் தோட்டத்து ஆபீசில் இருபத்தேழு வருடம் கிராணியாக, அங்கே சொல்வது போல் குமாஸ்தாவாக, இருந்து, வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் செமோருக்கு வந்து ஓய்வாக இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வேத வாசகம் வாசிப்பதும் நான்தான். தாளில் இருக்கும் ஒரு சொல்லை விடவும் கூடாது, இல்லாத ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது என்பது வாசகனுக்குச் சட்டம். அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை, ‘இங்கே சற்று நேரம் மௌனம்’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் போட்டிருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டேன். மௌனமாக இருந்த சனம் சிரித்துவிட்டது. ஆனாலும் வாசித்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, தாளில் அது இருந்தது.

கெர்ட்ரூடுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் தபால் பெட்டிக்கு வணக்கம் சொன்னாள். முன்பெல்லாம் தங்கள் இதழ் வந்தால் அவள் படித்து முடித்த பிறகுதான் எனக்குக் கிடைக்கும். இப்போது சனிக்கிழமை பிற்பகலில் நான் சத்தமாக வாசிக்க, அவளும் பக்கத்து வீட்டுச் செல்லாயியும் கேட்கிறார்கள். செல்லாயி எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள். எழுத்து தெரியாது, ஆனால் யார் பொய் சொல்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

தங்கள் ‘செங்கல் பங்களா மர்மம்’ தொடரில் ஜமீன்தார் பால் குடித்துவிட்டுச் செத்துப்போனார். அவரைக் கொன்றது யார் என்பதுதான் கதை. ஜனவரி இதழ் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து, ‘யார் அங்கே?’ என்று கேட்கிறார். அடுத்த கட்டத்தில், அதே அளவில், வாயிலிருந்து புறப்படும் அதே மாதிரிக் குமிழுடன், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் விரலை நீட்டி, ‘நான்தான் உங்கள் குடும்ப நண்பன் வைத்தியர் கனகலிங்கம். என் ஜீவகிரி லேகியத்தைப் பாலில் கலந்து ஒரே ஒரு கரண்டி கொடுங்கள். மறுநாளே பலன் தெரியும்’ என்கிறார். தாளில் இருந்தது, வாசித்தேன்.

பிறகு செல்லாயி, “பாலுல கலந்தது இவன்தான் லா, கிராணியாரே. அவன் வாயாலயே சொல்லிட்டான்” என்றாள்.

இது கதை இல்லை, லேகிய விளம்பரம் என்று பொறுமையாக விளக்கினேன். கெர்ட்ரூட் ஒத்துக்கொள்ளவில்லை. “விளம்பரம்னா பின் அட்டையில தானே இருக்கும்? கதைக்குள்ள இவனுக்கு என்னா வேல?” என்று கேட்டாள். அதற்குப் பதில் தங்களிடம் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து வைத்தியர் மாதம் தவறாமல் வருகிறார். மார்ச்சில் ஜமீன்தாரின் விதவை அழுதுகொண்டிருக்கும் அறையில் நின்றார், ஏப்ரலில் தோட்டத்துக் கிணற்றடியில், மே மாதம் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வந்துவிட்டார். போன இடமெல்லாம் விரலை நீட்டி, பாலில் கலக்கச் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் சமையல்காரனை விசாரிக்கிறார், தோட்டக்காரனை விசாரிக்கிறார், ஒரு நாயைக்கூட விசாரிக்கிறார், எதிரே நிற்கும் வைத்தியரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இன்ஸ்பெக்டருக்கும் தன்னைப் போலவே கண்ணில் புரையா என்று கெர்ட்ரூட் கேட்டாள். இதற்கிடையில் கால் பக்கமாக இருந்த வைத்தியர் அரைப் பக்கமாக வளர்ந்தார், பதினாறு பக்கமாக இருந்த கதை ஒன்பதாகத் தேய்ந்தது. ஏப்ரலில் முடியும் என்று அறிவித்தீர்கள், பிறகு மேயில் என்றீர்கள், பிறகு ஜூனில் என்றீர்கள். ஜூனில் ‘தொடரும்’ என்று மட்டும் போட்டிருந்தது.

மே மாதமே நான் வைத்தியரை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கெர்ட்ரூட் உடனே கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டு, எதையோ தாண்டிவிட்டீர்கள் என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, மூச்சு விடும் இடத்தில் மூச்சு விடவில்லையாம். முப்பது வருடம் பூசையில் ஓர் எழுத்தை விடாதவர் ஒரு கொலைகாரனுக்காக விடலாமா என்று கேட்டாள். திரும்பப் போய் வைத்தியரை வாசித்தேன்.

அடுத்து நடந்ததற்கும் தாங்களே பொறுப்பு. எங்கள் கோயிலில் மன்றாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதில் விழும் சீட்டுகளைப் பூசையில் வாசிப்பவனும் நான்தான். ஜூலை முதல் ஞாயிறு ஒரு சீட்டைப் பிரித்தேன். எழுத்து கோணல்மாணலாக, அரிசிச் சாக்கில் எழுதியது போலப் பெரிதாக இருந்தது. ‘பாலில் மருந்து கலந்து ஒருவரைக் கொன்றுவிட்டு, மனம் திரும்பாமல் நம் நடுவே நடமாடும் வைத்தியருக்காக’ என்று பாதி வாசித்த பிறகுதான் அது என் வீட்டுக் கையெழுத்து என்று தெரிந்தது. நிறுத்த முடியுமா? தாளில் இருந்தது. ‘ஆண்டவரை மன்றாடுவோம்’ என்று முடித்தேன். முன்வரிசையில், ஒரு ஞானஸ்நானத்துக்காகச் சிம்பாங் பூலாயிலிருந்து வந்திருந்த லூர்துசாமி உட்கார்ந்திருந்தார். அவர் நாட்டு வைத்தியர். பாலில் கலந்து கொடுக்கும் சூரணம் அவரிடமும் உண்டு. கோயிலே திரும்பி அவரைப் பார்த்தது. ஞானஸ்நான விருந்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, பாயசம் அப்படியே மீந்துவிட்டது என்று கேள்வி. பிறகு ஒரு நாள் ஈப்போவில் என்னைக் கண்டதும் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

இதெல்லாம் போகட்டும். என் மகள் ஆலிஸ் ஈப்போவில் வேலை செய்கிறாள். அவள் அலைந்து திரிந்து பெரிய ஆஸ்பத்திரியில் தாய்க்குக் கண் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி வாங்கினாள். இரண்டு முறையும் கெர்ட்ரூட் போகவில்லை. “அந்த வைத்தியன பிடிக்கட்டும், அப்பறம் போலாம். கத்தி வெச்சு எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, முடிவு தெரியாமலே போயிருவேன்ல?” என்கிறாள். அவளுக்குப் பயம். எனக்கு அது தெரியும். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது, எனவே ஜமீன்தாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவது தேதி இந்த மாதம் இருபத்திரண்டு, புதன்கிழமை. இனியும் தள்ளினால் வலது கண் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் தங்களிடம் கேட்பது இரண்டே காரியம். ஒன்று, வைத்தியர் கனகலிங்கத்தைக் கதைக்குள்ளிருந்து எடுத்துப் பின் அட்டைக்கு அனுப்புங்கள். இரண்டு, அவர் காலி செய்யும் இடத்தில் கதையைச் சீக்கிரம் முடியுங்கள். கொலைகாரன் யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. படம் போடுபவருக்குக் காதுகளின் கணக்கு நினைவில் நிற்கட்டும். வைத்தியர் தங்கள் ஆபீசுக்கு வந்தால், எனக்கு அவர் மேல் சொந்த விரோதம் எதுவும் கிடையாது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ம. அந்தோணிமுத்து

பி.கு. 27-8-1979. மேற்படி கடிதம் உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால், இதையும் சேர்த்து அனுப்புகிறேன். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை தங்கள் ஜூலை இதழ் வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கதவைத் தட்டுகிறார். மீதி முக்கால் பக்கத்துக்கு வைத்தியர் நின்று, வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்கிறார். கீழே ‘தொடரும்’. கெர்ட்ரூட் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள். புதன்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. ‘இன்ஸ்பெக்டர் திருமேனி வைத்தியர் கனகலிங்கத்தின் கையில் விலங்கு மாட்டினார். வைத்தியர் தலைகுனிந்தார். முற்றும்’ என்று வாசித்தேன். தாளில் இல்லாததை நான் வாசித்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. செல்லாயி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கோழிக்குத் தீனி போடவேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். பாலில்தானே கலந்தான் என்று கெர்ட்ரூட் கேட்டாள். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை ஆலிஸுடன் கிளம்பினாள். வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கண்ணில் கட்டுடன் படுத்திருந்தவளின் கையைப் பிடித்தேன். “முற்றும்னு வாசிக்கறப்ப உங்க கொரலு நடுங்கிருச்சு. இத்தன வருசத்துல நான் அப்படிக் கேட்டதே இல்ல. அதனாலதான் வந்தேன். எந்த எடத்துல சொந்தமா சேத்தீங்கன்னு நானே பாக்கணும்” என்றாள். நான் அழுதுவிட்டேன். கட்டுப் போட்டிருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை இதழைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், நர்சுகளைக்கூடத் தொட விடவில்லை. ஆகையால் மேலே கேட்ட இரண்டு காரியங்களையும் தாங்கள் செய்ய வேண்டாம். வைத்தியர் அதே இடத்தில், அதே விரலுடன் நிற்கட்டும், வேண்டுமானால் முழுப் பக்கமும் எடுத்துக்கொள்ளட்டும். அவள் தானே வாசிக்கக் கண்ணாடி கிடைக்க இன்னும் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை தயவுசெய்து கதையை முடித்துவிடாதீர்கள்.