நைரோபி வழியாக நல்லூருக்கு

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போவதற்கு ஆபிரிக்காதான் குறுக்குவழி என்று மனமார நம்பும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சீலைக்கடையின் பின்பக்கத்து மேசையில் இருந்து விமானப் பயணச்சீட்டு விற்கும் ஆபிரிக்கா அண்ணைதான் அவர். பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. வரி அறவிடுகிறவர்களுக்காவது தெரியும் என்று நம்புவோம்.

கலியாண வீட்டில் நம்முடைய சனம் என்ன கதைக்கும்? வீட்டு விலை, பிள்ளைகளின் ரியூசன், யார் யாரோடு கோபம். ஆபிரிக்கா அண்ணை மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து அமர்ந்து, ஆபிரிக்காவில் ஆகக் கூடுதலான சனத்தை ஏற்றிப் பறக்கிற கம்பனிகளை வரிசைப்படுத்துவார்.

"கணக்குப் பார்த்தா அடிஸ் அபாபாக்காரன்தான் முதலாவது, தம்பி. அதுக்குப் பிறகு கெய்ரோக்காரன், காசபிளாங்காக்காரன் எண்டு வருவாங்கள். ஆனா எனக்கு நைரோபிக்காரன்தான்."

"ஏன் அண்ணை?"

"பாயாசம் வருது, வாங்கும்."

ஒருமுறை ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு எனக்கு முன்னால் நின்றார். ஐயர் பெயர் கேட்டார். அண்ணை நைரோபிக் கம்பனியின் பெயரை முழுதாகச் சொன்னார். ஐயர் தட்டைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், "நட்சத்திரம்?" என்றார்.

"பூராடம். கம்பனி தொடங்கின நாளுக்குப் பஞ்சாங்கம் பார்த்தனான்."

"கோத்திரம்?"

"ஆபிரிக்கா எண்டு போடுங்கோ, ஐயா."

பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. ஐயர் பாவம், சொன்னபடியே செய்து வைத்தார். ஆறு முகமும் பன்னிரண்டு கையும் போதாது என்று முருகனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியிருக்கும்.

யாராவது ஊருக்குப் போகிறார் என்று மணம் பிடித்தால் போதும், ஆளுக்கொரு பொதியோடு வாசலில் வந்து நிற்பது எங்கள் வழக்கம். தன்னிடம் சீட்டு எடுத்தவர்களிடம் அண்ணையும் பொதி கொடுப்பார். ஆனால் ஊருக்கு அல்ல.

"இதுக்குள்ள பருத்தித்துறை வடை இருக்கு. நைரோபியில பிளேன் மாறேக்க கம்பனிக் கவுண்டரில நிக்கிற பிள்ளையிட்டக் குடும்."

எந்தப் பிள்ளை என்று கேட்டால், ஆரெண்டாலும் பரவாயில்லை என்பார். எங்கள் சனமாவது கொடுப்பதாவது! பாதிப் பேர் பாதுகாப்புச் சோதனை முடிந்த கையோடு பொதியைப் பிரித்து மொறுமொறுவென்று தின்று முடித்துவிடுவார்கள்.

என் கலியாணத்துக்கு நான் அண்ணையிடம் போகவில்லை. வளைகுடா வழியாக நானே இணையத்தில் சீட்டு எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணம் நல்லூரில் முகூர்த்தம். திங்கட்கிழமை கைபேசியில் செய்தி வந்தது: வளைகுடாப் பக்கம் வான்வெளியைப் பூட்டிவிட்டார்கள், விமானம் இல்லை. கொழும்புக்கு நேர் விமானத்திலும் இடமில்லை என்று, லண்டனில் பிளேஸ்டோ முதல் ஹரோ வரை எந்தப் பயண முகவரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த முகூர்த்தம் ஆடி கழித்துத்தான். மணப்பெண் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நான் மணவறையில தனிய இருந்து செல்பி எடுக்கவோ?"

வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தோர்ண்டன் ஹீத்துக்கு ஓடினேன். அண்ணை ஒரு சொல்லும் குத்திக் காட்டவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார்.

"வளைகுடாவைப் பூட்டினா என்ன? இந்து சமுத்திரத்தை ஆர் பூட்டுறது? இந்திய விசா இருக்கோ?"

"கூறைச்சீலை எடுக்கப் போன விசா இன்னும் முடியேல்லை, அண்ணை."

"பிறகென்ன! நைரோபி, மும்பாய், சென்னை, பலாலி ஏர்போட். இறங்கினா நல்லூர் கூப்பிடு தூரம்."

சொல்வது சுலபம். அன்றைக்கு முழு லண்டனும் அதே விமானங்களில் இடம் பிடிக்கத்தான் அடிபட்டது. ஓர் இடம் திரையில் தெரியும், பொத்தானை அமத்துவதற்குள் மறைந்துவிடும். தொலைபேசியில் எவரோ ஏலாது என்றார்.

"ஏலாது எண்டு எனக்குச் சொல்லக் கூடாது. பிள்ளைக்குக் கலியாணம்," என்று அண்ணை அடுத்த இலக்கத்தை அடித்தார். கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்ட வந்தபோது, "நீர் பூட்டும், நாங்கள் உள்ளுக்கே இருக்கிறம்," என்றார். கடைசியில் என் பெயரில் நாலு விமானத்திலும் இடம் விழுந்தது. என்னை மீறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவாவது சொல்லுங்கோ அண்ணை, ஏன் நைரோபிக்காரன்?"

அவர் மேசைக்கு அடியிலிருந்து வடைப் பொதியை எடுத்தார்.

"இஞ்சை வரேக்க, காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என்னை நைரோபியில விட்டிட்டு ஓடிட்டான். ஏர்போட் கதிரையிலதான் கிடந்தனான். அந்தக் கம்பனிப் பிள்ளை ஒண்டு தன்ர சாப்பாட்டில பாதியைப் பிரிச்சு எனக்குத் தந்தவ. நாள் தவறாம. பேரைக் கேக்க எனக்கு இங்கிலீசு வரேல்லை."

நைரோபியில் கவுண்டரில் நின்ற பெண்ணுக்கு என் தங்கையின் வயதுதான் இருக்கும். பொதியை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். லண்டன் அங்கிள் அனுப்பினாரா, போன முறை உறைப்புக் கூட என்று சொல்லுங்கள் என்றாள். அப்படியென்றால் எங்கள் சனத்திலும் யாரோ சிலர் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்!

வெள்ளி காலை பலாலியில் இறங்கி, கூட்டிப்போக வந்த வாகனத்துக்குள்ளேயே வேட்டி மாற்றி, மேளச் சத்தம் கேட்கக் கேட்க மணவறைக்கு ஓடினேன். தாலி கட்டினேன். பந்தியில் உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது, அண்ணைதான். வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

"தம்பி, வடை குடுத்தீரோ?"

"குடுத்தன் அண்ணை. போன முறை உறைப்புக் கூடவாம்."

அண்ணை அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"அப்ப... அந்தப் பிள்ளையள் சாப்பிடுகினம்."

இப்போதும் நாங்கள் ஊருக்குப் போவது நைரோபி வழியாகத்தான். நேர் விமானம் இருக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு, பூமி உருண்டை என்று சொல்லிவிடுகிறேன். வடைப் பொதியை மட்டும் மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொள்வாள். அண்ணையின் வடை விஷயத்தில் அவள் என்னை நம்புவதில்லை.