பச்சைச் சைக்கிள், பச்சைப் பொய்

பொய் சொல்வதில்லை என்று மர்ரே முடிவு செய்தான். உண்மையைச் சொல்வதில்லை என்றும் கூடவே முடிவு செய்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்காவது இடம் இருக்கும் என்பது அவன் கணக்கு.

மர்ரே, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ரோட்டோருவா ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதி மூக்குகளின் மேல் உட்கார்ந்திருப்பது அவன் விற்ற கண்ணாடிதான். தன் மனைவி மட்டும் ஒருநாளும் கண்ணாடி கேட்டதில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவன் யோசித்ததே இல்லை. நைரீ ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். பெற்ற தாயிடம் மறைத்த கர்ப்பத்தைக்கூட, அந்தப் பெண் படியேறுகிற தினுசை வைத்துச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு சைக்கிளை மறைக்கலாம் என்று நினைத்தானே, அந்தத் துணிச்சலுக்காகவாவது அவனுக்கு ஒரு மாலை போடலாம்.

சைக்கிள் என்றால் சும்மா சைக்கிள் இல்லை. வேக்கா! பறக்கத் தெரியாத, ஆனால் ஓட்டத்தில் எவனுக்கும் பிடிகொடுக்காத பறவையின் பெயர். மலைக்காட்டுப் பாதைக்கென்றே செய்தது. பின்சக்கரம் மேடுபள்ளத்துக்கு அரைச் சாண்தான் அசைந்துகொடுக்கும். ஒரு சாண் அசைகிற வண்டியும் மர்ரேயிடம் உண்டு, அது சோஃபா. செங்குத்தான சரிவில் தூக்கிப் போட்டாலும் வலிக்காது, ஆனால் சமதளத்தில் மிதித்தால் உயிர் போகும். அரைச் சாண் வண்டி அப்படியா? காலை வைத்தாலே துள்ளும்.

அவனிடம் பச்சை நிறத்தில் பழைய வேக்கா ஒன்று இருந்தது. அதன்மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, கம்பெனிக்காரன் அதை அடியோடு மாற்றியமைத்து மறுபிறவி எடுக்கவைக்கும் வரை. புது வேக்காவில் முன்சக்கரத்தைக் கவ்வும் முன்கவை இன்னும் சாய்ந்திருந்தது. இருக்கை நிமிர்ந்திருந்தது. கார்பன் சட்டம் நீண்டு, மெலிந்து, தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே ஒரு குட்டி அறைகூட வைத்திருந்தது. அதற்குள் பஞ்சர் சாமானை வைக்கலாம். மர்ரே தன் இதயத்தை வைத்துவிட்டான்.

சைக்கிள் சட்டம் எடை குறைவு. வீட்டுச் சட்டம்தான் எடை அதிகம். ஏற்கெனவே சைக்கிள்கள் பெருகிப் பெருகி, கார் கொட்டகையை விட்டு வெளியேறி மழையில் நின்றபோது நைரீ போட்ட சட்டம் அது.

"இனிமே உள்ளே ஒண்ணு வரணும்னா, வெளியே ஒண்ணு போகணும். அதுவும் என்னைக் கேட்டுட்டு."

கேட்டால் பதில் என்ன வரும் என்று மர்ரேக்குத் தெரியும். "முதல்ல குளியலறைக்குத் தரை போடு."

அதனால் கேட்கவில்லை. சைக்கிள் கடைக்கு ஒரு போன் போட்டுவிட்டு, மறுநாள் நேரிலேயே போனான். கடைக்காரி மரீக்கா அளவெடுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"பச்சை வேணும்," என்றான் மர்ரே. "பழசுல இருக்கிற அதே பச்சை."

"ஏன்?"

"ராசியான நிறம்."

"சரி. ஆனா பழசுல உனக்குப் பெரிய அளவு. புதுசுல சட்டத்தை நீட்டியிருக்கான். இப்ப உனக்கு நடுத்தரம்தான்."

"நடுத்தரமா? எனக்கா?"

"ஆமா. நீ வேற கொஞ்சம் இளைச்சிருக்க."

அதற்குமேல் மர்ரே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இளைத்திருக்கிறாய் என்று சொன்னவரிடம் குறுக்கு விசாரணை செய்த மனிதன் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

வண்டி வந்த சனிக்கிழமை, நைரீ முருப்பாராவில் ஒரு தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தாள். மர்ரே புது வேக்காவை நேராகப் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் தள்ளிக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தாமதி. அந்த மண்ணின் மாவோரி மொழியில் அதற்கு என்ன பொருளோ, ஆனால் மனுஷன் எதற்கும் தாமதிக்கிற ஆளே இல்லை. வார இறுதியில் காட்டுப்பன்றி வேட்டை, மற்ற நாளில் மர்ரே வேட்டை.

"என்ன பங்காளி, வண்டிக்கு மண்ணு பூசணுமா? ஊர்ல எல்லாரும் கழுவத்தானே செய்வாங்க?"

"மெதுவாப் பேசு. பழைய வண்டி மாதிரி தெரியணும். கைப்பிடி உறை, ஸ்டிக்கர், மணி எல்லாத்தையும் பழசுலேருந்து கழட்டி இதுல மாட்டணும்."

"அப்ப பழசு?"

"உன் கொட்டகையில இருக்கட்டும். கொஞ்ச நாள் கழிச்சு, யாரோ வாங்கிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்."

"நைரீக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? அவளுக்கு எல்லா சைக்கிளும் ஒண்ணுதான். ரெண்டு சக்கரம் இருந்தா சைக்கிள், நாலு இருந்தா கார்."

தாமதி அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு வாளியில் மண் குழைத்தான். மர்ரே பெயின்ட் அடிக்கும் தூரிகையை எடுத்தான். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல், பளபளக்கிற கார்பன் கன்னத்தில் ஒவ்வொரு பொட்டாகச் சேற்றை வைத்தான். வைக்கும்போதெல்லாம் கண் கலங்கியது.

"அழாதே பங்காளி. கழுவினா போயிடும்."

"கழுவ முடியாதே! கழுவினா புதுசாயிடுமே!"

அதற்குப் பிறகு மர்ரே காட்டுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஆகா! வானத்தை முட்டும் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பாதையில் வண்டி அவனைக் கேட்காமலே திரும்பியது. மேட்டில் ஆட்டுக்குட்டியாகத் துள்ளியது. இறக்கத்தில் வெண்ணெயாக வழுக்கியது. ஐம்பதை நெருங்குகிற மனிதன் "வீ!" என்று கத்தினான். எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் ஒதுங்கி நின்றார். முழங்கால் மட்டும் கொஞ்சம் இடித்தது. புது வடிவமைப்பு அப்படித்தான் இருக்கும் என்று முழங்காலிடம் சொல்லிவைத்தான்.

மாலையில் நைரீ திரும்பினாள். துணிக்கூடையை எடுக்கக் கொட்டகைக்குள் போனவள், வழியில் நின்ற பச்சைச் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். வைத்தவள் மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"என்ன மர்ரே, உன் சைக்கிள் இளைச்சுப் போச்சு?"

"அது வந்து... சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன்."

"எண்ணெய் போட்டா எடை குறையுமா?"

"நல்ல எண்ணெய்னா குறையும்."

"அப்படியா? அந்த டப்பாவை எடுத்து வை. எனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கறேன்."

அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மர்ரே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். வெந்நீர் ஊற்றுகளின் கந்தகத்தால் ஊரே முட்டை நாற்றம் அடிக்கிறது, இதில் ஒரு பொய்யின் நாற்றமா தெரியப்போகிறது என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. குமரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே நைரீ பேச்சை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பிரசவ வார்டுக்கு நிதி சேர்க்க சைக்கிள் ஓட்டம் நடக்குது இல்ல? எங்க அணியில ஒருத்திக்குக் கால் சுளுக்கிடுச்சு. நான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

"பேஷ்! நல்ல உடற்பயிற்சி."

"உன் பச்சை சைக்கிளைக் குடு."

மர்ரே கையிலிருந்த கிழங்கு சிங்க்குக்குள் குதித்தது.

"அதுவா? அது எதுக்கு? பெரிய வண்டியை எடுத்துக்கோ. சோஃபா மாதிரி இருக்கும்."

"ஐயோ, அது விலை ஒசந்தது. கீறல் விழுந்தா நீ தாங்குவியா? இது பழசுதானே. விழுந்தா விழட்டும், ஒடைஞ்சா ஒடையட்டும்."

"ஒடையட்டுமா?"

"பழசுதானே மர்ரே?"

"பழசு... பழசேதான். ஆனா இருக்கை உனக்கு ஒசரம்."

"பொத்தானை அமுக்கினா எறங்குதே."

"பிரேக் சரியில்ல!"

"பிரேக் சரியில்லாத வண்டியையா தினம் ஓட்டறே? என்ன மனுஷன் நீ! இப்பவே மரீக்கா கடையில விட்டுட்டு வா. சரிபண்ணி, நல்லாக் கழுவியும் குடுக்கச் சொல்லு."

"கழுவ வேணாம்!" என்று மர்ரே அலறினான்.

"ஏன்?"

"பழைய வண்டி. மண்ணுதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு."

நைரீ கத்தியைக் கீழே வைத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வருகிறதா, வெங்காயம் உறுத்துகிறதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சமையல் மேடையில் வெங்காயம் எதுவும் இல்லை.

"சரி, கழுவல. பிரேக்கும் நல்லாத்தான் இருக்கும். நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். பிரசவம் பார்க்கிறவர்கள் எல்லாரும் ரோஜா நிறச் சட்டையில் நின்றார்கள். தாய்மார்கள், கைக்குழந்தைகள், லாமிங்டன் கேக் விற்கும் மேசை. மர்ரே கடைசி ஆயுதத்தையும் எடுத்துப் பார்த்தான். புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் போய் மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

"அதோ, மரவேரெல்லாம் துருத்திட்டிருக்கிற அந்த வேர் இறக்கம் இருக்கு பாரு, அங்க மட்டும் எறங்கித் தள்ளிட்டுப் போயிடு. ரொம்ப ஆபத்து."

"எனக்கா, சைக்கிளுக்கா?"

நல்ல புருஷன் யாராக இருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பான். மர்ரே ஒரு மூச்சு தாமதித்தான். அந்த மூச்சுக்குள் விசில் ஊதிவிட்டார்கள். நைரீ ஒரு மிதியில் பத்துப் பேரைத் தாண்டிப் போனாள். இறங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வேர் இறக்கத்தின் உச்சியில் அவள் பின்சக்கரம் அந்தரத்தில் மிதந்தபோது மர்ரேயின் நெஞ்சு வெடித்தது. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டான்.

"ஐயோ, அது புதுசு!"

எல்லாரும் திரும்பினார்கள். எங்கோ ஒரு கைக்குழந்தை ஏப்பம் விட்டது. அதற்குப் பிறகு எழுந்த ஆரவாரம் மர்ரே எதிர்பார்த்தது இல்லை. ரோஜா நிறச் சட்டைகள் ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொண்டன.

"அப்பாடா, வாயைத் திறந்துட்டாரு!"

"எங்க எல்லாருக்கும் தெரியும் மர்ரே! கல்யாண நாளுக்கு நைரீக்கு நீங்க ரகசியமா சைக்கிள் வாங்கியிருக்கீங்க. அவ முன்கூட்டியே கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மண்ணெல்லாம் பூசி வச்சீங்களாமே! அவதான் சொன்னா. தெரியாத மாதிரி நடிக்கணும்னு எங்ககிட்ட சத்தியம் வேற வாங்கினா."

"தன் கையாலயே மண்ணு பூசினாராம்!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பின்னால் நின்ற தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீயும் இருக்கியே. போன வருஷம் எனக்கு என்ன குடுத்த? வாக்குவம் கிளீனர்."

அந்தக் கணவன் மர்ரேயைப் பார்த்த பார்வையில் பத்து ரெட்வுட் மரங்கள் பட்டுப்போயிருக்கும். மற்ற கணவர்களும் அவன் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். 'எனக்காக வாங்கினேன்' என்ற வார்த்தை மர்ரேயின் தொண்டை வரை வந்தது. சுற்றிலும் பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது. பெண்களில் யாரோ அவன் கையில் ஒரு லாமிங்டனைத் திணித்தார்கள். இலவசமாக.

கேக் மேசைக்குப் பின்னால் மரீக்கா நின்றாள். அவளுடைய இரட்டைக் குழந்தைகள் இரண்டும் நைரீ கையில் பிறந்தவை.

"அளவு எப்படி?" என்று மரீக்கா கேட்டாள். "அவளுக்கு அப்படியே பொருந்துது பாத்தியா? நீ என்னிக்கு எனக்கு முதல் போன் பண்ணியோ, அன்னிக்கே நான் சொல்லி, அவ வந்து கடை வண்டியில ஏறி உட்கார்ந்து பாத்துட்டா."

"அப்ப... நான் இளைச்சிருக்கேன்னு சொன்னது?"

மரீக்கா கேக்கை நறுக்குவதில் மும்முரமானாள்.

நைரீ திரும்பி வந்தாள். தலைமுதல் கால்வரை நிஜச் சேறு. அவள் அணிக்கு மூன்றாவது இடம். எல்லார் முன்னாலும் மர்ரேக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். மீசையில் பாதிச் சேறு ஒட்டிக்கொண்டது.

"இப்படி ஓட்ட எப்ப கத்துக்கிட்டே?" என்றான் மர்ரே.

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. நீ கடையில இருப்ப. உன் பழைய வண்டி சும்மாத்தானே நின்னுச்சு? ஆனா அது எனக்கு ரொம்பப் பெருசு மர்ரே, முதுகு போயிடுச்சு. நல்லவேளை, உனக்கே தோணி வாங்கிக் குடுத்துட்ட." கண்ணைச் சிமிட்டினாள். "ரொம்ப நன்றி."

கோபப்படலாம் என்று மர்ரே பார்த்தான். ஆனால் சேறு பூசிய அந்த முகத்தில், போன வாரம் அவன் காட்டுக்குள் "வீ!" என்று கத்திய சிரிப்பு அப்படியே இருந்தது. அவனுடையது போலவே. எவ்வளவு முயன்றாலும் அந்தச் சிரிப்போடு சண்டை போட முடியவில்லை. போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பழைய வேக்கா இருக்கிறது. ராசி அதில்தான். செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு இருவரும் சேர்ந்தே ஓட்டலாம். அவள் முன்னே, இவன் பின்னே. நினைக்க நினைக்க அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வேலியைத் தாண்டிக் குதித்துத் தாமதியின் கொட்டகைக் கதவைத் தட்டினான்.

"பங்காளி, என் பழைய வண்டியை எடு."

"உன் வண்டியா? அது என் வண்டி ஆச்சே."

"என்ன உளர்றே?"

"உள்ளே ஒண்ணு வந்தா வெளியே ஒண்ணு போகணுமாமே உங்க வீட்டுல. நைரீ திங்கக்கிழமையே வந்து பேசி முடிச்சுட்டா. காசு வேணாம், ஒரு முழு பன்றி போதும்னா. வெட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன்."

"பன்றியா? எங்க வீட்டுக்கு எந்தப் பன்றியும் வரலையே!"

"வியாழக்கிழமை வறுத்துப் போட்டாளே, மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டியாமே?" தாமதி அவன் தோளில் கைபோட்டான். "முன்சக்கரம், பின்சக்கரம், சட்டம்னு வரிசையா முடிச்சுட்ட. ருசியாத்தானே இருந்துச்சு?"

மர்ரே எச்சில் விழுங்கினான்.

"ருசியாத்தான் இருந்துச்சு."