இரண்டு பெடல் கார்

தமக்கென்று ஒரு ஸ்ரியறிங் வேண்டும் என்று இரத்தினவேல் அறுபத்தெட்டாம் வயதில் தீர்மானித்தார். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபோது வீட்டுக் காரின் திறப்புச் சாவியை வாங்கிய மனைவி சந்திரவதனா, கால் குணமான பின்னும் அதைத் திருப்பித் தரவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கனடாவின் மார்க்கம் நகர் முழுவதும் அவள் ஓட்ட, இவர் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

சந்திரவதனாவுக்குக் கிளச் மிதிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இவர் கண்ட பழைய கார்கள் எல்லாவற்றிலும் கிளச் இருந்தது. ஆகவே பழைய கார் ஒன்று வாங்கினால் அவளால் அதைத் தொட முடியாது. வீட்டின் கீழே பேஸ்மென்ரில் பதுங்கி, ரெக்ஸ்டேலில் பழைய கார் விற்கும் மாக்கஸுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார்கள் இரண்டு உள்ளன, எது வேண்டும் என்று அவன் கேட்டான். எதுவானாலும் சரி, மனுசிக்குத் தெரியக்கூடாது என்றார். இரத்தினவேல் இரகசியம் பேசினால் மேல்மாடி வரை கேட்கும்.

சனிக்கிழமை கார் வந்து இறங்கியது. கதவைத் திறந்து குனிந்தவர் நிமிரவில்லை. பெடல்கள் இரண்டே இருந்தன. கால்விரிப்பையும் தூக்கிப் பார்த்தார்.

"கிளச் எங்கை மாக்கஸ்?"

"இது ஒட்டோமற்றிக் அண்ணை. அமெரிக்காவிலை அப்பவே வந்திட்டுது. கிளச் மற்றதிலை. அக்காதான் போன் எடுத்து இதைக் கொண்டுவரச் சொன்னவ."

வாசலில் சந்திரவதனா சேலை மாற்றி, கைப்பையுடன் நின்றாள்.

"நீர் ஓட்டத்தான் இதை எடுத்தனீர், என்ன?" என்றார் இரத்தினவேல்.

"உங்கட முழங்கால் கிளச் மிதிக்குமோ? டொக்டர் சொன்னது மறந்துபோச்சே? ஏறுங்கோ. நீங்கள்தான் ஓட்டுறியள்."

மாக்கஸிடம் திறப்பை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். இன்சூரன்ஸ் பத்திரமும் கைப்பைக்குள் ஆயத்தமாக இருந்தது.  நன்றி சொல்லிப் பழக்கமில்லாத இரத்தினவேல், ஓடிப்போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். எங்கே போகலாம் என்று கேட்டார்.

"விட்பிக்கு. தங்கச்சி சமைச்சுப்போட்டாள். இனிச் சனிக்கிழமையெல்லாம் அத்தான் ஓட்டிக்கொண்டு வருவார் எண்டு சொல்லிப்போட்டன்."

விட்பியில் மைத்துனி வீட்டு முன்றல் சரிவு. மைத்துனி குடும்பத்தோடு வெளியே வந்து நின்றாள். இரத்தினவேல் நியூட்ரலில் விட்டுவிட்டு, காரை நிறுத்திவைக்கும் P என்ற எழுத்தைத் தேடினார். அந்தக் காரில் அப்படி ஓர் எழுத்தே இல்லை. கார் மெல்லப் பின்னால் உருண்டது.

"பிறேக்கை மிதியுங்கோ," என்றாள் சந்திரவதனா, உதடு அசையாமல். "எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு றிவேர்ஸிலை போடுங்கோ. பூட்டிக்கொள்ளும். இதின்ரை புத்தகம் வாசிச்சனான்."

கார் அசையாமல் நின்றது. அந்தக் காலத்துக் காரை அத்தான் எப்படி ஓட்டுகிறார் என்று மைத்துனி வியந்தாள். அவரைத் தவிர வேறு ஒருவராலும் இதை ஓட்ட ஏலாது என்று சந்திரவதனா சொன்னாள். இரத்தினவேல் மார்பை நிமிர்த்தி இறங்கினார். அவளை நன்றியோடு பார்த்து, அவள் கேட்காமலே திறப்பை நீட்டினார்.